இரும்பு மரத்தைவிட எடை கூடியது என்று எழுதினால் ஏன் தவறு? ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் பருப்பொருளின் பண்புகளை எப்படிப் புரியவைப்பது?

மண்குருவி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அறிவியலில் பருப்பொருளின் இயற்பியல் பண்புகள் பற்றிய பாடம் நடக்கிறது. நிறை, பருமன், அடர்த்தி, உருகுநிலை, கொதிநிலை, கடினத்தன்மை, கரைதிறன், கடத்துத்திறன், தகடாகும் தன்மை, கம்பியாக நீளும் தன்மை என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறாள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கமும் மனப்பாடமாக இருக்கிறது. அந்த வரியைத் தாண்டி ஒரு கேள்வி வந்தால்தான் சிக்கல். எனக்கும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

இரும்பையும் மரத்தையும் ஒப்பிட்டு எழுதச் சொன்ன இடத்தில் "இரும்பு மரத்தைவிட எடை கூடியது" என்று எழுதியிருக்கிறாள். தவறு என்று குறித்துவிட்டார்கள், காரணம் எழுதவில்லை. "இரும்பு கனமாகத்தானே இருக்கிறது, அப்புறம் என்ன தவறு?" என்று கேட்கிறாள்.

அடுத்தது, உலகிலேயே கடினமான பொருள் வைரம் என்று படித்துவிட்டு, அப்படியானால் சுத்தியலால் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் உடையாதுதானே என்கிறாள். உடையும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். கடினமான பொருள் எப்படி உடையும்?

மூன்றாவதாக, உருகுநிலை ஒரு பண்பு என்கிறது பாடம், உருகுவது ஒரு மாற்றம் என்கிறது அடுத்த பாடம். இரண்டும் ஒன்றா வேறா? கண்ணுக்கு முதலில் தெரிவதே வடிவமும் அளவும்தான், அவற்றை ஏன் பொருளின் பண்பாகச் சேர்ப்பதில்லை என்றும் கேட்டாள்.

தேர்வுக்கான பதில் எனக்கு வேண்டாம். அவள் யோசித்துப் பிடித்துக்கொள்ளும்படி எப்படிச் சொல்லலாம்?

உலைக்களம் எழுதியது:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது, மற்றவற்றுக்கான சாவி அதில்தான் இருக்கிறது. ஓர் இரும்பு ஆணியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் நீளம், வடிவம், நிறை எல்லாம் அந்த ஆணியைப் பற்றிய தகவல்கள். ஆணியை இரண்டாக வெட்டினால் நீளம் பாதியாகும், நிறை பாதியாகும், வடிவமும் மாறும். ஆனால் ஒவ்வொரு துண்டும் பழையபடியே காந்தத்தில் ஒட்டும், மின்சாரத்தைக் கடத்தும், 1538 டிகிரி செல்சியஸில்தான் உருகும். வெட்டினாலும் மாறாமல் நிற்பவை இரும்பு என்ற பொருளுக்கு உரியவை, வெட்டியதும் மாறுபவை அந்தத் துண்டுக்கு உரியவை. எந்தப் பண்பின் பெயரைச் சொன்னாலும் மகளிடம் "பாதியாக வெட்டினால் இது மாறுமா?" என்று கேளுங்கள், அவளே பிரித்துவிடுவாள்.

இப்போது இரும்பும் மரமும். பெரிய மரக்கட்டையைத் தூக்க ஆள் தேவை, ஆணியை விரலால் எடுத்துவிடலாம். ஆக எந்த அளவு இரும்பு, எந்த அளவு மரம் என்று சொல்லாமல் எடையை ஒப்பிடவே முடியாது, அவள் எழுதிய வரியில் குறை அதுதான். அளவைச் சமமாக்கிவிட்டு ஒப்பிட்டால் கிடைப்பது அடர்த்தி. 1 கன சென்டிமீட்டர் இரும்பு ஏறத்தாழ 7.9 கிராம் இருக்கும், அதே அளவு நீர் 1 கிராம், பெரும்பாலான மரங்கள் 1 கிராமுக்கும் கீழே. கருங்காலி போன்ற சில மரங்கள் நீரைவிட அடர்த்தி கூடியவை, நீரில் மூழ்கிவிடும். "இரும்பின் அடர்த்தி மரத்தின் அடர்த்தியைவிட அதிகம்" என்று எழுதியிருந்தால் முழு மதிப்பெண்.

உலோகம் என்றாலே கனம் என்ற நினைப்பையும் இங்கேயே உடைத்துவிடுங்கள். லித்தியம் ஓர் உலோகம், அதன் அடர்த்தி 0.53 மட்டுமே, பல மரங்களைவிடக் குறைவு. அலுமினியம் 2.7, செம்பு 8.96, ஈயம் 11.3, பாதரசம் 13.5, தங்கம் 19.3, ஆஸ்மியம் 22.6. ஒரே உலோகக் குடும்பத்துக்குள்ளேயே நாற்பது மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது பாருங்கள்.

இதை வாயால் சொல்வதைவிட அளக்க வைப்பது எவ்வளவோ மேல். ஓர் எலக்ட்ரானிக் தராசு, மில்லிலிட்டர் கோடு போட்ட ஒரு குவளை, கொஞ்சம் நீர் போதும். பொருளைத் தராசில் வைத்து நிறையைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் குவளை நீருக்குள் முழுக்க மூழ்கும்படி மெதுவாக விடுங்கள், நீர்மட்டம் எத்தனை மில்லிலிட்டர் ஏறியது என்று பாருங்கள். அந்த ஏற்றம்தான் பொருளின் பருமன், 1 மில்லிலிட்டரும் 1 கன சென்டிமீட்டரும் ஒன்றே. நிறையைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி கிடைத்துவிடும். கரடுமுரடான கல்லின் பருமனை எந்தச் சூத்திரத்தாலும் கணக்கிட முடியாது, ஆனால் நீர் அதை நொடியில் சொல்லிவிடும். பிள்ளைகளை உண்மையிலேயே அசத்துகிற இடம் இது. சிறிய பொருளாக எடுத்தால் மட்டத்தின் ஏற்றம் சரியாகத் தெரியாது, அதனால் ஒரே மாதிரியான ஆணிகளைக் கொத்தாகச் சேர்த்துப் போட்டு அளக்கச் சொல்லுங்கள்.

இதில் ஒரு படி மேலே போகலாம். தெரியாத ஒரு துண்டு 54 கிராம் இருக்கிறது, நீர் 20 மில்லிலிட்டர் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அடர்த்தி 2.7. அலுமினியம்தான் என்று சொல்லிவிடலாமா? முடியாது. கிரானைட் கல்லுக்கும் ஏறத்தாழ அதே 2.7தான் வரும், குவார்ட்ஸுக்கு 2.65, சாதாரணக் கண்ணாடிக்கு 2.5 அளவில். ஒரு பண்பை மட்டும் வைத்துக்கொண்டு இன்ன பொருள் என்று அடித்துச் சொல்ல முடியாது, இன்னொரு சோதனை வேண்டும். பேட்டரி, சிறு பல்பு, கம்பி வைத்துப் பார்த்தால் அலுமினியம் பல்பை எரியவைக்கும், கல்லும் கண்ணாடியும் எரியவைக்காது. பத்துப் பண்புகளை எதற்காகப் படிக்கிறோம் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

பெரிய அளவிலும் இதே கதைதான். டங்ஸ்டனின் அடர்த்தி 19.25, தங்கத்துக்கு மிக மிக அருகில். தங்கக் கட்டிக்குள் டங்ஸ்டனை மறைத்து வைத்தால், நீரில் முக்கி அளக்கும் சோதனை அதைக் காட்டிக்கொடுக்காது. ஆனால் தங்கம் 1064 டிகிரியில் உருகும், டங்ஸ்டன் 3422 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். தங்கத்தில் 1 கிராமைத் தட்டித் தட்டி ஏறத்தாழ 1 சதுர மீட்டர் தகடாக்கலாம், டங்ஸ்டனைச் சாதாரண வெப்பநிலையில் அப்படித் தட்ட முடியாது. அடர்த்தியில் ஒளிந்துகொண்ட பொருள் மற்றப் பண்புகளில் மாட்டிக்கொள்ளும்.

கீறல் எழுதியது:

வைரம் பற்றிய கேள்விக்கு நான் சொல்கிறேன். உடையும். நல்ல அடி விழுந்தால் சிதறும்.

கடினத்தன்மை என்பது கீறலுக்கு ஒரு பொருள் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பது மட்டுமே. அடியைத் தாங்குவது வேறு பண்பு, இழுப்பைத் தாங்குவது இன்னொன்று, வளைந்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புவது இன்னொன்று. பேச்சில் எல்லாவற்றையும் "கெட்டி" என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால் பிள்ளைகளுக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது. ஒரு ரப்பர் துண்டை நகத்தாலேயே கிள்ளலாம், ஆனால் சுத்தியலால் அடித்தால் துள்ளிப் போகுமே தவிர உடையாது. கண்ணாடியை நகத்தால் கீறவே முடியாது, ஆனால் கீழே போட்டால் நொறுங்கும். ரப்பரைவிடக் கண்ணாடி கடினமானது, அதைவிட எளிதில் உடையக்கூடியதும் அதுதான். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் வைரத்தை விளக்க வேண்டிய வேலையே பாதியாகிவிடும்.

பிரெடரிக் மோஸ் என்ற ஜெர்மானியக் கனிமவியலாளர் 1812இல் பத்துக் கனிமங்களை வைத்து ஒரு வரிசை போட்டார். டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃப்ளூரைட் 4, அபடைட் 5, ஆர்த்தோகிளேஸ் 6, குவார்ட்ஸ் 7, புஷ்பராகம் 8, குருந்தம் 9, வைரம் 10. எது எதைக் கீறுகிறதோ அது மேலே, அவ்வளவுதான் விதி. நகம் ஏறத்தாழ 2.5, கண்ணாடி 5.5 அருகில். மணலில் குவார்ட்ஸ் துகள்கள் நிறைய இருப்பதால், மணல் பட்ட துணியால் துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழுகிறது.

இந்த எண்களை வரிசை எண்களாக மட்டும் பார்க்க வேண்டும். வைரம் குருந்தத்தைவிட ஒரே ஒரு படிதான் கூட என்று தோன்றும், ஆனால் கருவி வைத்து அளந்தால் ஏறத்தாழ நான்கு மடங்கு கடினம். 1க்கும் 9க்கும் இடையே உள்ள தூரத்தைவிட 9க்கும் 10க்கும் இடையே உள்ள தூரம் பெரிது.

சரி, இவ்வளவு கடினமான வைரம் ஏன் உடைகிறது? அதற்குள் கார்பன் அணுக்கள் ஒழுங்கான அடுக்குகளாகப் பிணைந்திருக்கின்றன, சில திசைகளில் அந்த அடுக்குகளுக்கு இடையே பிணைப்புகளின் எண்ணிக்கை குறைவு. அந்தத் திசையில் அடி விழுந்தால் நேர்த்தியாகப் பிளக்கும். வைரம் செதுக்குபவர்கள் இந்தக் குணத்தைத்தான் காலம் காலமாகப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 1905இல் கிடைத்த குல்லினன் வைரம் 3106 காரட், நகைக்குச் செதுக்கத் தகுந்த தரமுள்ள வைரங்களில் அதைவிடப் பெரியது இன்றுவரை கிடைக்கவில்லை. அதை 1908இல் ஆம்ஸ்டர்டாமில் பிளந்தார்கள். முதலில் ஒரு பள்ளம் கீறி, அதில் எஃகு அலகை வைத்து மேலே ஓர் அடி. உடையவே உடையாத பொருளாக இருந்தால் அந்த வேலை நடந்திருக்காது.

மகளுக்கு இன்னும் ஆர்வம் இருந்தால் கிராஃபைட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். பென்சிலுக்குள் இருப்பது கிராஃபைட்டும் களிமண்ணும் கலந்தது. கிராஃபைட்டும் கார்பன், வைரமும் கார்பன். ஒன்று காகிதத்தில் உரசினாலே உதிர்கிறது, மற்றது எல்லாவற்றையும் கீறுகிறது. கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும், வைரம் கடத்தாது. ஆனால் வெப்பத்தைக் கடத்துவதில் வைரம் செம்பைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு சிறந்தது. ஆகவே "நற்கடத்தி" என்று பொதுவாக எழுதாமல் எதைக் கடத்துகிறது என்று சேர்த்து எழுதும் பழக்கம் நல்லது. எந்த அணு என்பதோடு, அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் பண்பைத் தீர்மானிக்கிறது.

பனித்துளி எழுதியது:

மேலே உள்ள இரண்டு பதில்களும் நன்றாக இருக்கின்றன, ஆனால் ஒரு விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. "பொருளின் பண்பு மாறாது" என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் பதிந்துவிடக் கூடாது. வெட்டினால் மாறாது என்பது சரி. வெப்பநிலையும் அழுத்தமும் மாறினால் பண்பும் மாறும்.

நீரின் கொதிநிலை 100 டிகிரி என்று எல்லாரும் சொல்கிறோம். அது கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் மட்டும். 3000 மீட்டர் உயரத்தில் 90 டிகிரி அருகிலேயே கொதித்துவிடும், எவரெஸ்ட் உச்சியில் ஏறத்தாழ 70 டிகிரி போதும். அழுத்தத்தை இருமடங்காக்கினால் 120 டிகிரி வரை போக வேண்டும். அடர்த்தியும் அப்படித்தான். நீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கிறது, பனிக்கட்டியாகும்போது 0.917க்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் பனிக்கட்டி மிதக்கிறது, அதன் பத்தில் ஒன்பது பங்கு நீருக்குள் இருக்கிறது. பெரும்பாலான பொருட்கள் திண்மமாகும்போது அடர்த்தி கூடும், நீர் அதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. ஏரியின் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் மீன்கள் வாழ முடிவது இந்த ஒரு பண்பால்தான். எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த விஷயம் இது, சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

நிறமும் இப்படி நிபந்தனைக்கு உட்பட்டதுதான். கந்தகம் மஞ்சள், செம்பு செம்மை என்று சொல்லலாம், ஆனால் தங்கத்தை நானோமீட்டர் அளவுக்குப் பொடியாக்கி நீரில் மிதக்கவிட்டால் அந்த நீர் சிவப்பாகத் தெரியும். பள்ளி அளவில் நிறத்தைப் பண்பாகவே வைத்துக்கொள்ளலாம், அதை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது.

உருகுநிலை, உருகுதல் கேள்விக்கு வருகிறேன். 0 டிகிரியில் உருகும் என்பது பனிக்கட்டியைப் பற்றிய ஓர் உண்மை, அது ஆழ்குளிரில் கல்லாகக் கிடந்தாலும் அந்த உண்மை அதோடு இருக்கிறது. உருகுதல் ஒரு நேரத்தில் தொடங்கி ஒரு நேரத்தில் முடியும் நிகழ்வு. உருகிய பிறகும் அது அதே நீர் என்பதால் அதை இயற்பியல் மாற்றம் என்கிறோம். எரிந்தால், துருப்பிடித்தால் வேறு பொருளாகிவிடும், அது வேதியியல் மாற்றம். இரும்பு துருப்பிடிக்கும் என்பது ஒரு வேதியியல் பண்பு, ஏனென்றால் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமானால் இரும்பையே வேறொன்றாக மாற்றியாக வேண்டும். அடர்த்தியை அளந்தாலோ காந்தத்தை வைத்துப் பார்த்தாலோ இரும்பு இரும்பாகவே இருக்கிறது.

இதற்கு ஓர் எளிய சோதனை. பனிக்கட்டியை நன்றாக நொறுக்கிக் கொஞ்சம் நீரோடு ஒரு குவளையில் போட்டு வெப்பமானியை வைத்துக் கலக்கிக்கொண்டே இருங்கள். பனிக்கட்டி எல்லாம் தீரும்வரை 0 டிகிரி அருகிலேயே நிற்கும். வெளியிலிருந்து வெப்பம் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் வெப்பநிலை ஏறவில்லை. 1 கிராம் பனிக்கட்டி உருக ஏறத்தாழ 334 ஜூல் தேவைப்படுகிறது, வரும் வெப்பமெல்லாம் அதற்கே செலவாகிறது. கடைசித் துண்டு மறைந்த பிறகு வெப்பமானி ஏறத் தொடங்குவதை மகளே குறித்து வரைபடம் போடட்டும். பிறகு இன்னொரு குவளையில் உப்பைக் கலந்து செய்தால் 0க்கும் கீழே இறங்கும்.

உப்பு கலந்ததும் மாறுகிறதே, அதுவும் முக்கியம். தூய பொருளுக்குத்தான் திட்டமான உருகுநிலை, கலப்பு வந்தால் பெரும்பாலும் கீழே இறங்கும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும், ஈயம் 327இல் உருகும், இரண்டையும் 63க்கு 37 என்ற விகிதத்தில் சேர்த்த சால்டர் 183 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. மின்னணுச் சுற்றுகளைப் பற்றவைக்க அது வசதியாக இருந்ததற்கு இதுவே காரணம். ஒரு பொருள் தூய்மையானதா என்று பார்க்க வேதியியலாளர்கள் உருகுநிலையை அளப்பதும் இதனால்தான்.

கரும்பலகை எழுதியது:

ஆசிரியராக இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன். பண்புகளின் பெயர்ப் பட்டியலை முதலில் கொடுத்துவிட்டால் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்வதில்தான் இறங்குவார்கள், அவர்கள் மேல் தப்பே இல்லை. பெயர் தெரியாத பொருளைக் கையில் கொடுத்து "இது என்ன என்று கண்டுபிடி" என்று சொன்னால் பண்பு தேவைப்படும் இடத்தில் தானாக வந்து நிற்கும்.

வெள்ளைத் தூள்கள் மூன்று: உப்பு, சர்க்கரை, சுண்ணாம்புக்கல் தூள். சுவைத்துப் பார்க்கக் கூடாது என்ற விதியை முதலிலேயே சொல்லிவிடுங்கள், தெரியாத பொருள் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்ற பழக்கம் இங்கிருந்தே வரவேண்டும். ஒரே அளவு நீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்கச் சொல்லுங்கள். சுண்ணாம்புக்கல் அடியில் தங்கிவிடும். அறை வெப்பநிலையில் 100 கிராம் நீரில் உப்பு ஏறத்தாழ 36 கிராம்தான் கரையும், சர்க்கரை 200 கிராம் வரை கரையும். நீரைச் சூடாக்கினால் சர்க்கரை இன்னும் நிறையக் கரையும், உப்பின் அளவு அவ்வளவாக ஏறாது. கரைதிறன் என்பது கரையும் கரையாது என்ற இரண்டு விடைகளோடு முடிவதில்லை, அதற்கு அளவு உண்டு, வெப்பநிலை உண்டு என்பதை அவர்களே பார்த்துவிடுவார்கள். பின் சுண்ணாம்புக்கல் தூளில் வினிகர் விட்டால் நுரைக்கும், வாயு வெளியேறுகிறது, அங்கே வேதியியல் பண்பு வந்துவிட்டது. இதற்குப் பள்ளிச் சாக்பீஸை எடுத்துவிடாதீர்கள், பல சாக்பீஸ்கள் ஜிப்சத்தில் செய்யப்படுகின்றன, அவை நுரைக்காது.

இன்னொன்று தொட்டுப் பார்ப்பது. ஒரே அறையில் இரவெல்லாம் கிடந்த உலோகத் தட்டையும் மரப் பலகையையும் காலையில் தொட்டால் உலோகம் சில்லென்று இருக்கும். எது குளிர்ச்சி அதிகம் என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் உலோகம் என்பார்கள். வெப்பமானியை வைத்துக் காட்டுங்கள், இரண்டும் ஒரே வெப்பநிலை. உலோகம் கையின் வெப்பத்தை வேகமாகக் கடத்திக்கொண்டு போகிறது, மரம் மெதுவாகக் கடத்துகிறது. நம் தோல் வெப்பநிலையை அளக்கவில்லை, வெப்பம் போகும் வேகத்தை உணர்கிறது. சுற்றுப்புறம் உடலைவிடச் சூடாக இருக்கும் நேரத்தில் இதே உலோகம் மரத்தைவிட அதிகமாகச் சுடும்.

பாகுத்தன்மையையும் (திரவம் பாய்வதை எதிர்க்கும் தன்மை) அடர்த்தியையும் குழப்பிக்கொள்வது ரொம்ப சாதாரணம். கெட்டியாக ஊற்றும் எண்ணெய் கனமானது என்று நினைப்பார்கள், ஆனால் அது நீரில் மிதக்கிறது. பாதரசம் நீரைவிட 13 மடங்குக்கு மேல் அடர்த்தி, பாகுத்தன்மையோ நீரைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்குதான், சரசரவென்று ஓடும். (பாதரசத்தைப் படத்தில் மட்டும் காட்டுங்கள், அதன் ஆவி நச்சு.) மறுபக்கம் நிலக்கீல் மாதிரியான பிட்ச். சுத்தியலால் அடித்தால் கண்ணாடி போல நொறுங்கும், ஆனால் அது பாய்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் 1927இல் அதை ஒரு புனலில் வைத்தார், 2014 வரை ஒன்பது சொட்டுகள்தான் விழுந்தன. அந்தப் படத்தை வகுப்பில் காட்டினால் திண்மம், திரவம் பற்றிக் கேள்விகள் நிற்காமல் வரும்.

மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் நான் விரும்பிக் கேட்பது மின்கம்பிக் கேள்வி. மின்சாரத்தைக் கடத்துவதில் உலோகங்களில் முதலிடம் வெள்ளிக்கு, அடுத்தது செம்பு. பிறகு ஏன் கோபுரங்களுக்கு இடையே நீளமாகத் தொங்கும் கம்பிகளில் அலுமினியத்தைப் பயன்படுத்துகிறார்கள்? அதன் கடத்துத்திறன் செம்பில் ஏறத்தாழ 60 சதவீதம், ஆனால் அடர்த்தி 30 சதவீதம்தான். ஒரே எடையில் கம்பி செய்தால் அலுமினியம் இருமடங்கு கடத்தும். தொங்கும் கம்பிக்கு எடைதான் பிரச்சினை. நடுவில் எஃகு இழைகளை வைத்து இழுவலிமையைக் கூட்டிக்கொள்கிறார்கள். ஒரு பொருளில் எல்லாப் பண்பும் நமக்கு வேண்டியபடி அமையாது, எந்த வேலைக்கு எது முக்கியம் என்று நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காந்தமுள் எழுதியது:

சின்னதாக ஒன்று. உலோகம் என்றால் காந்தத்தில் ஒட்டும் என்று நிறைய பிள்ளைகள் எழுதுகிறார்கள். சாதாரண வெப்பநிலையில் நன்றாக ஒட்டும் தனிமங்கள் இரும்பு, நிக்கல், கோபால்ட் மூன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியம், செம்பு, வெள்ளி, தங்கம் ஒட்டாது. எவர்சில்வரிலும் சில வகை ஒட்டும், சில வகை ஒட்டாது, வீட்டில் உள்ள பாத்திரங்களில் காந்தத்தை வைத்துப் பார்த்தாலே தெரியும். இரும்பையும் 770 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் காந்தத்தில் ஒட்டாது, பனித்துளி சொன்ன நிபந்தனை இங்கேயும் பொருந்துகிறது.

மண்குருவி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. வெட்டிப் பார்க்கும் கேள்வி உடனே பிடித்துக்கொண்டது, பட்டியலில் இருந்த நிறையையும் பருமனையும் அவளே தனியாக எடுத்து வைத்துவிட்டாள். நீரில் முக்கி அடர்த்தி அளந்தோம், கூழாங்கல்லுக்கு 2.6 வந்தது. அந்த மகிழ்ச்சியை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

அப்புறம் களிமண்ணை வைத்து விளையாடும்போது புதுச் சந்தேகம். களிமண் உருண்டை மூழ்குகிறது, அதையே கிண்ணமாகச் செய்தால் மிதக்கிறது. "வடிவம் பொருளின் பண்பு இல்லை என்று சொன்னீர்களே, இப்போது வடிவம் மாறியதும் மிதக்கிறதே, அப்படியானால் அடர்த்தி மாறிவிட்டதா?" என்று கேட்கிறாள். காற்றுக்கும் அடர்த்தி உண்டா, அதை வீட்டில் அளக்க முடியுமா என்றும் கேட்டாள்.

உலைக்களம் எழுதியது:

அருமையான கேள்வி, அவளிடம் அப்படியே சொல்லுங்கள். களிமண்ணின் அடர்த்தி மாறவில்லை. மிதப்பது களிமண் என்ற பொருளின் பண்பு என்று நினைத்ததில்தான் சிக்கல். ஒரு குறிப்பிட்ட உருவம் ஒரு குறிப்பிட்ட திரவத்தில் மிதக்குமா என்பது வேறு கேள்வி. கிண்ணத்தின் விளிம்புவரை எடுத்துக்கொண்டால் அதற்குள் களிமண்ணோடு நிறையக் காற்றும் இருக்கிறது. மொத்த நிறையை மொத்த இடத்தால் வகுத்தால் சராசரி 1க்கும் கீழே வந்துவிடும், அதனால் நீரில் மிதக்கிறது. கிண்ணத்தில் நீரை நிரப்புங்கள், காற்று வெளியேறும், மூழ்கிவிடும். இரும்புக் கப்பல் மிதப்பதும் ஓட்டை விழுந்தால் மூழ்குவதும் இதே கணக்குதான்.

திரவத்தையும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், மனதளவில் போதும். இரும்பு ஆணியைப் பாதரசத்தில் போட்டால்? 7.9 என்பது 13.5ஐவிடக் குறைவு, மிதக்கும். ஈயக் குண்டும் மிதக்கும். தங்கம் மூழ்கும். அவள் பதிலைச் சொல்வதற்கு முன் எண்களை ஒப்பிடுகிறாளா என்று மட்டும் கவனியுங்கள்.

காற்றுக்கு அடர்த்தி கண்டிப்பாக உண்டு. கடல்மட்டத்தில் சாதாரண வெப்பநிலையில் 1 கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ. 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் உள்ள அறையை எடுத்தால் 36 கன மீட்டர், அதில் உள்ள காற்று மட்டும் 43 கிலோ வருகிறது. பெருக்கிப் பார்க்கும்வரை யாரும் நம்ப மாட்டார்கள். ஹீலியம் இதில் ஏழில் ஒரு பங்கு, கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.

வீட்டில் அளக்கப் பலூனை எடுக்காதீர்கள். பலூன் ஊதும்போது பெரிதாகிக்கொண்டே போகிறது, சுற்றியுள்ள காற்று அதை மேலே தள்ளுவதால் உள்ளே போன காற்றின் எடையில் பெரும்பகுதி தராசுக்குத் தெரியாமல் போய்விடும். கால்பந்து நல்லது. காற்று குறைந்து தளர்ந்திருந்தாலும் உருண்டை வடிவம் கெடாத பந்தாக எடுங்கள், தராசில் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் பம்பால் நன்றாகக் கல்லாகும்வரை அடித்துவிட்டு மறுபடி வையுங்கள். பந்தின் அளவு அவ்வளவாக மாறாததால் கூடுதலாகப் போன காற்று அப்படியே எடையில் தெரியும். பெரிய அளவுக் கால்பந்தில் ஏறத்தாழ 5 கிராம் கூடும், 1 கிராம் துல்லியமுள்ள தராசே போதும். பந்து உருண்டு விழாமல் இருக்க ஒரு சிறு வளையத்தை அடியில் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு தடவையும் அதே வளையம் இருக்கட்டும்.